சட்டப்படியான இருட்டு

மேங்கோ லேனில் எல்லார் வீட்டிலும் விளக்கு எரிந்தது. க்ளோவிஸ் பின்னாக் வீடு மட்டும் இருட்டாக இருந்தது. காரணம், எங்கள் லேனில் சட்டப்படி கரண்ட் வாங்க முயற்சி செய்தவர் அவர் ஒருவர்தான்.

மற்றபடி நாங்களெல்லாம் கொக்கி போட்டவர்கள். மே பென் ரோட்டில் போகும் மெயின் லைனிலிருந்து ஒரு கம்பி இறங்கும். சீமைப்பலா மரத்தை ஒரு சுற்றுச் சுற்றும். அப்புறம் வீடு வீடாகப் பிரிந்து என் ஜன்னல் வழியாகவும் உள்ளே வரும். மின் கம்பெனிக்காரர்கள் வந்து அறுத்துவிட்டுப் போவார்கள். அவர்கள் லாரி மூலை திரும்புவதற்குள் கம்பி மறுபடி ஏறிவிடும். இதில் எங்களுக்குப் பெருமையும் இல்லை, வெட்கமும் இல்லை. மீட்டர் வைக்கிற அளவுக்குப் பணம் எங்கள் லேனில் யார் கையிலும் மொத்தமாகச் சேர்ந்ததில்லை, அவ்வளவுதான்.

க்ளோவிஸ் எங்கள் சர்ச் சபையில் டீக்கன், பாஸ்டருக்கு அடுத்த பொறுப்பு. கரும்பு லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். கொக்கி போட மாட்டேன் என்று மண்ணெண்ணெய் விளக்கிலேயே காலத்தை ஓட்டினார். ஓட்டினால் பரவாயில்லை, எங்களுக்கும் புத்தி சொல்வார்.

"திருட்டு வெளிச்சத்துல பைபிள் படிச்சா எழுத்து தெரியும் சிஸ்ஸி, அர்த்தம் தெரியாது" என்பார்.

"உங்க விளக்குல எழுத்தே தெரியலியே டீக்கன்" என்பேன் நான். அவர் மனைவி மெர்லின் முந்தானை இல்லாத குறைக்குக் கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள்.

அந்த மெர்லினுக்குத்தான் நுரையீரல் கெட்டுப் போனது. பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மூச்சு மெஷின் வைத்துக்கொண்டால் வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொன்னார். மெஷினும் வந்துவிட்டது. ப்ரூக்ளினில் இருக்கும் அவள் தங்கை, அரிசி மூட்டைக்கும் சோப்புக் கட்டிகளுக்கும் நடுவே பீப்பாயில் வைத்து அனுப்பியிருந்தாள். ஆனால் நோயாளிகளை வீட்டுக்கு அனுப்பும் மேஜையில் இருந்த மிஸ் வேட் ஒரு தாள் கேட்டாள். வீட்டில் மின்சாரம் உண்டு என்று யாராவது முத்திரை குத்திக் கொடுத்த தாள். அது இல்லாமல் மெஷின் நோயாளியை வெளியே விட முடியாது.

நான் பார்க்கப் போயிருந்தபோது மெர்லின் க்ளோவிஸின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு பேசினாள். "இந்த வார்டுல தூங்கி எழுந்தா ஒரு படுக்கை காலியா இருக்கு, க்ளோவி. எனக்குப் பயமா இருக்கு. எப்படியாவது கூட்டிட்டுப் போயிடு."

அவர் சீட்டுப் பணத்தை எடுத்துக்கொண்டு நேரே பேன்கிராஃப்ட் பூசியிடம் போனார். பூசி, உரிமம் பெற்ற மின்பணியாளர் பேரவையின் உறுப்பினர். நீலத் தொப்பி, நெஞ்சில் பித்தளைப் பட்டை. அந்தப் பட்டை இல்லாதவன் போட்ட வயரிங்குக்குப் பேரவை சான்றிதழ் தராது. சான்றிதழ் இல்லாமல் கம்பெனி மீட்டர் தராது.

பூசி எழுதிக் கொடுத்த பொருள்களை வாங்க க்ளோவிஸ் தானே கடைத்தெருவுக்குப் போனார். செலவு குறையுமே என்று நினைத்தார். அதுதான் அவர் செய்த முதல் தவறு. மெர்லின் வருவதற்காக வாசல் கதவுக்குப் பச்சை பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தவர், கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் போய் பிரேக்கர், சுவிட்ச், வயர் எல்லாம் வாங்கி வந்து மேஜையில் பரப்பினார். பிரேக்கரின் பக்கவாட்டில் அவருடைய கட்டைவிரல் பச்சையாகப் பதிந்திருந்தது.

பூசி அதைத் தொடவே இல்லை. "இது யாரு, பெரியவரே?"

"யாரா? பிரேக்கர் தம்பி."

"அது எனக்குத் தெரியும். இது எனக்கு அறிமுகம் இல்லியே. முகம் தெரியாத பிரேக்கருக்கு நான் எப்படி ஜாமீன் நிப்பேன்?"

"நீ எழுதிக் குடுத்ததத்தானே வாங்கிட்டு வந்தேன்."

"கடை அலமாரில இருக்கறப்ப அது வெறும் பிளாஸ்டிக். நான் பாத்து, இதுதான்னு முடிவு பண்ணி, கையில எடுத்தாத்தான் அது பிரேக்கர். நீங்க குடுக்கற காசு அந்த முடிவுக்கு."

க்ளோவிஸ் எல்லாவற்றையும் கடையில் திருப்பிக் கொடுத்தார். கடைக்காரன் கொஞ்சம் பிடித்துக்கொண்டுதான் பணம் தந்தான். அன்று மதியமே பூசி போய் அறிமுகமான பொருள்களை வாங்கி வந்தான். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். பிரேக்கரை எடுத்துச் சுவரில் வைத்தபோது அதன் பக்கவாட்டில் பச்சைக் கட்டைவிரல் இருந்தது. பில்லில் விலை மூன்று மடங்காக இருந்தது. கீழே தேர்வுக் கட்டணம், தூக்குக் கட்டணம், பொறுப்புக் கட்டணம் என்று தனித்தனியாக எழுதி, கடைசியில் இந்த பில்லை எழுதியதற்கும் ஒரு தொகை போட்டிருந்தான்.

க்ளோவிஸ் தன் கட்டைவிரலைக் காட்டினார். அப்புறம் பிரேக்கரைக் காட்டினார்.

பூசி குனிந்து பார்த்துச் சந்தோஷப்பட்டான். "பாத்தீங்களா, நல்ல பொருள்னா ரெண்டு பேரு கண்ணுக்கும் ஒண்ணே படுது."

வேலை என்னவோ சுத்தமாக இருந்தது. அதைச் சொல்லியாக வேண்டும். முடிந்ததும் க்ளோவிஸ் சான்றிதழ் கேட்டார்.

"வேலை வேற, பேப்பர் வேற பெரியவரே. என் சான்றிதழ் புத்தகம் தீந்து போச்சு. புதுப் புத்தகம் வேணும்னா பேரவையோட பயிற்சி வகுப்புல உக்காரணும்."

"என்ன வகுப்பு?"

"சான்றிதழைத் தாமதமில்லாம வழங்குவது எப்படின்னு. ஈஸ்டருக்கு முன்னாடியே வெச்சிருக்கணும். தள்ளிப் போயிட்டே இருக்கு."

வேறு வழியில்லாமல் கிங்ஸ்டனுக்குப் போனோம். மினி பஸ்ஸில் அவர் தனியாகப் போய்த் தொலைந்துவிடுவார் என்று நானும் கிளம்பினேன். பேரவை அலுவலகத்தில் தரையெல்லாம் பளபளவென்று இருந்தது. வாசலில் ஒரு ஜெனரேட்டர் காது கிழிய ஓடிக்கொண்டிருந்தது. பியூன் விளக்கம் சொன்னார். பேரவைக் கட்டடத்துக்கும் சான்றிதழ் இல்லையாம். உறுப்பினர் ஒருவர் தன் பேரவைக்கே சான்றிதழ் தருவது முறையல்ல. உறுப்பினர் அல்லாதவர் தந்தால் செல்லாது. அதனால் கட்டடம் திறந்த நாளிலிருந்து டீசலில் ஓடுகிறது.

செயலாளர் திருமதி லெட்ஜிஸ்டர் எங்களை உட்காரவைத்து, ஜெனரேட்டர் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்திப் பேசினார்.

"மிஸ்டர் பின்னாக், உங்க அவசரம் புரியுது. ஆனா ஒண்ணு தெரிஞ்சுக்கங்க. போன வருஷம் நாங்க சான்றிதழ் குடுத்த வீடு ஒண்ணுகூட தீப்பிடிக்கல."

"எத்தனை வீட்டுக்குக் குடுத்தீங்க மேடம்?" என்று கேட்டேன்.

"போன வருஷம் யாருக்கும் குடுக்கல. தரத்த அந்த அளவுக்குக் காப்பாத்தறோம்."

க்ளோவிஸ் பில்லை நீட்டினார். கடை விலை இவ்வளவு, பூசி போட்ட விலை இவ்வளவு என்று மெதுவாகச் சொன்னார். திருமதி லெட்ஜிஸ்டர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். அவர் முகம் மலர்ந்தது.

"பூசி நல்ல உறுப்பினர். நீங்க இத ஏத்தி வெச்ச விலைன்னு நெனைக்கறீங்க. இது பாதுகாப்பு. விலை கொறஞ்சா ஜனங்களுக்குப் பயம் விட்டுப் போயிடும். கரண்டுன்னா பயம் வேணும். ஒரு சுவிட்சுக்கு இவ்ளோ காசு குடுத்தவன் அத சும்மா சும்மா தட்டுவானா? மாட்டான். இருட்டிலயே உக்காந்திருப்பான். விபத்தே நடக்காது. அதோட இந்தக் கூடுதல் காசுல பத்துல ஒரு பங்கு பேரவைக்குச் சந்தாவா வருது. அத வெச்சுதான் நாங்க விலைய கண்காணிக்கறோம்."

"அம்மா" என்றார் க்ளோவிஸ். "என் சம்சாரம் ஆஸ்பத்திரில கெடக்கறா. இந்த மெஷின் ஓடினாத்தான் அவளுக்கு மூச்சு. பேப்பர் இல்லாம அவள விட மாட்டேங்கறாங்க."

"உயிர் காக்கும் கருவியா? மொதல்லயே சொல்றதுக்கென்ன? அதுக்குத் தனிப் பிரிவு இருக்கே."

எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது. என் வயதில் அது வந்திருக்கக் கூடாது.

தனிப் பிரிவு என்றால் தனிக் கட்டணம், தனிப் பரிசோதனை. அதைச் செய்ய இன்ஸ்பெக்டர் ஹெஸ்லாப் வெள்ளைக் கையுறையும் ஹெல்மெட்டுமாக எங்கள் லேனுக்கு வந்தார். பூசியின் வயரிங்கைத் தட்டிப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார். பிரமாதம் என்றார். வெயிலுக்கு என்னிடம் சவர்சாப் பழ ஜூஸ் வாங்கிக் குடித்தார். "நல்லா ஜில்லுனு இருக்கும்மா" என்று பாராட்டினார். அந்த ஜில் எங்கிருந்து வந்தது என்று கேட்கவில்லை. பிறகு பெட்டியைத் திறந்து ஒரு கருவியை எடுத்தார்.

"இப்ப கரண்டப் போடுங்க. ஓடற கரண்ட அளக்கணும்."

"கரண்ட் வாங்கத்தான் சார் சான்றிதழே" என்றார் க்ளோவிஸ்.

"கரண்ட் இல்லாம நான் எத அளக்கறது? இல்லாத கரண்ட் நல்ல கரண்டுன்னு எழுதிக் குடுத்துட்டு நாளைக்கு எவனாவது கேட்டா நான் என்ன பதில் சொல்வேன்?"

"அப்ப கம்பெனிகிட்ட நீங்களே ஒரு வார்த்தை சொல்லி..."

"சான்றிதழ் இல்லாத வீட்டுக்குக் கரண்ட் குடுங்கன்னு நானா? பேரவையோட இன்ஸ்பெக்டரா?" அவர் உண்மையிலேயே புண்பட்டுவிட்டார்.

பாரத்தில் 'மின்சாரம் இல்லாத காரணத்தால் மின்சாரச் சோதனையில் தேறவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். தேறாத வீட்டில் இருக்கும் பொருள்களும் தேறாதவை. எல்லாவற்றையும் கழற்றிவிட்டுப் புதிதாகப் போட வேண்டும் என்பது விதி.

பூசி மறுபடி வந்தான். அவனுக்கும் வருத்தம்தான். பிரேக்கரைக் கழற்றினான். பழைய பொருளை அகற்றியதற்கு ஒரு கட்டணம் எழுதினான். அதே பிரேக்கரைத் துணியால் துடைத்து, புதுப் பொருள் என்று சொல்லி, மூன்று மடங்கு விலை போட்டு, அதே துளைகளில் திருகினான். பச்சைக் கட்டைவிரல் போகவில்லை. "பெயின்ட் நல்ல பெயின்ட்" என்றான்.

க்ளோவிஸ் பணத்தை எண்ணிக் கொடுத்தார். எனக்குத்தான் அவன் தொப்பியைப் பிடுங்கிச் சாக்கடையில் எறிய வேண்டும் போல இருந்தது. சீட்டுப் பணம் தீர்ந்திருந்தது. அவர் வளர்த்த இரண்டு ஆடுகளும் விலைக்குப் போயின. அடுத்த பரிசோதனைக்கு விண்ணப்பிக்க விற்பதற்கு வீட்டில் மெஷினைத் தவிர வேறு பொருள் இல்லை.

அந்த வாரம் ஆஸ்பத்திரியில் மெர்லினுக்குப் பக்கத்துப் படுக்கை காலியானது. க்ளோவிஸைப் பார்த்ததும் அவள் அதைப் பற்றிப் பேசவில்லை. கதவுக்குப் பெயின்ட் காய்ந்ததா என்று மட்டும் கேட்டாள். காய்ந்தது என்றார் அவர். "அப்ப சரி" என்று சொல்லிவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

திரும்பி வந்தவர் நேரே என் வாசலுக்கு வந்து நின்றார். தொப்பியைக் கையில் வைத்துக் கசக்கிக்கொண்டிருந்தார்.

"சிஸ்ஸி, உங்க லைன்ல எனக்கும் ஒண்ணு போட்டுக் குடுங்க."

எத்தனையோ நாள் இவர் இப்படி வந்து நிற்க மாட்டாரா என்று நான் ஆசைப்பட்டதுண்டு. அன்று நின்றபோது எனக்கு அழுகைதான் வந்தது.

"மெயின் லைன்லேருந்தே போட்டுக்கலாம் டீக்கன். நல்லா இழுக்கும். ஞாயித்துக்கிழமை சபை முடிஞ்சதும் ஆள வரச் சொல்றேன்."

எங்கள் லேனுக்குக் கொக்கி போடுகிறவன் யார் என்று நான் க்ளோவிஸிடம் முன்பே சொல்லியிருக்கலாம். சொன்னால் அவர் மனசு தாங்காது என்றுதான் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு நீலத் தொப்பி இல்லாமல், பித்தளைப் பட்டை இல்லாமல், ஏணியோடு வந்தான் பூசி.

க்ளோவிஸ் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்படிப் பாக்காதீங்க பெரியவரே. ஞாயித்துக்கிழமை நான் அந்த ஆளு இல்ல."

கம்பத்தில் ஏறினான். கம்பியை இழுத்தான். காபி ஆறுவதற்குள் வீட்டில் விளக்கு எரிந்தது. வயர் விலையை மட்டும், கடையில் என்ன கொடுத்தானோ அதையே வாங்கினான்.

"தேர்வுக் கட்டணம்?" என்று கேட்டேன் நான்.

"ஏழை ஜனங்ககிட்ட எப்படி அக்கா வாங்கறது? இது வேற தொழில். இதுல பேர் கெட்டுப் போனா அப்புறம் எவன் கூப்பிடுவான்?" இறங்கி வந்து வேலைக்கு ஒரு வருடம் உத்தரவாதமும் கொடுத்துவிட்டுப் போனான்.

மறுநாளே கம்பெனி லாரி வந்தது. வழக்கமாக எல்லாக் கம்பியையும் அறுப்பார்கள். இந்த முறை நோட்டீஸும் கொடுக்க வேண்டும் என்று மேலிடத்து உத்தரவாம். நோட்டீஸ் எழுத வீட்டு எண் வேண்டும். எங்கள் லேனில் யார் வீட்டுக்கும் எண் கிடையாது. சான்றிதழுக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்று வாசலில் எண் எழுதி வைத்தவர் க்ளோவிஸ் ஒருவர்தான். அதனால் அவர் கம்பியை மட்டும் அறுத்து, அவருக்கு மட்டும் நோட்டீஸ் எழுதினார்கள். அறுப்பதற்கு முன் ஒரு ஆள் டெஸ்டரை வைத்து ஒரு நொடியில் சோதித்தான். ஹெஸ்லாப்பால் முடியாத சோதனை அதோடு முடிந்தது.

க்ளோவிஸ் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். தலையைக் கையில் பிடித்துக்கொண்டு, "திருடன்னு எழுதிட்டாங்க சிஸ்ஸி" என்றார். நான் தாளை வாங்கிப் படித்தேன். ஆமாம், திருட்டு என்றுதான் எழுதியிருந்தது. அதற்கு மேலே இன்னொரு வரி இருந்தது: 'மேற்படி முகவரியில் மின்சாரம் இருப்பது நேரில் சோதித்து உறுதி செய்யப்பட்டது.' கீழே கம்பெனியின் வட்ட முத்திரை, நல்ல ஊதா மையில்.

"எழுந்திருங்க டீக்கன். ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

"இதயா காட்டறது? இது திருட்டு நோட்டீஸ்."

"முத்திரை இருக்கா இல்லியா?"

மிஸ் வேட் அந்தத் தாளை முழுதாகப் படித்தாள். வேகமாகப் படிக்கிறவள்தான், ஆனால் அன்று கடைசி வரி வரை நிதானமாகப் போனாள். நிமிர்ந்து க்ளோவிஸைப் பார்த்தாள். அவர் உண்மையைச் சொல்லிவிடப் போகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. வாயைத் திறந்தும்விட்டார்.

"ஒண்ணும் சொல்லாதீங்க அய்யா" என்றாள் மிஸ் வேட். "மின்சாரம் உண்டான்னுதான் என் பாரத்துல கேட்டிருக்கு. உண்டுன்னு போட்டிருக்காங்க." முத்திரையைக் குத்தினாள்.

அன்று மாலை மெர்லின் பச்சைக் கதவு வழியாக வீட்டுக்குள் வந்தாள். அவள் வீட்டில் மின்சாரம் உண்டு என்று இரண்டு அலுவலகங்கள் உறுதி செய்திருந்தன. அங்கே மின்சாரம் இல்லை. என் வீட்டிலிருந்து நீளமான எக்ஸ்டென்ஷன் வயர் ஒன்றை வேலிக்கு மேலே இழுத்து அவள் கட்டில் வரை கொண்டுபோனோம். மெஷின் ஓடியது. அவள் முகத்தில் நிறம் வந்தது. க்ளோவிஸ் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து அவள் மூச்சு விடுவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நேரத்தில் மெஷின் கீச்சென்று கத்தி நின்றது. மெர்லினின் உதடு நீலமானது. நான் வெளியே ஓடி வந்து லேன் முழுக்கக் கத்தினேன். யாரோ ஒருத்தி பதறிக்கொண்டு தன் இஸ்திரிப் பெட்டியின் வயரைப் பிடுங்க, மெஷின் மறுபடி உயிர் பெற்றது. கொக்கிக் கம்பி ஒன்றுதான், வீடுகள் பல. ஒரு வீட்டில் இஸ்திரிப் பெட்டி சூடானால் மற்ற வீடுகளில் விளக்கு மங்கும். அதை நாங்கள் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. மெஷினால் மங்கலாக ஓட முடியாது.

அதிலிருந்து லேனில் யாரும் இஸ்திரி போடுவதில்லை. எங்கள் ஊரைத் தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும். பட்டினி கிடந்தாலும் சனிக்கிழமை சாயங்காலம் சட்டைக்கு மடிப்பு விழுந்தாக வேண்டும். கசங்கிய உடையில் சபைக்குப் போகிறவளைப் பற்றி அவள் செத்த பிறகும் பேசுவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மேங்கோ லேன் மொத்தமும் கசங்கிப் போய் சபையில் உட்கார்ந்திருந்தது. என் மஞ்சள் கவுன் மூட்டைக்குள்ளிருந்து இப்போதுதான் எடுத்தது மாதிரி இருந்தது. மெர்லினின் பக்கத்தில் லேன்காரி ஷார்லட்டை உட்காரவைத்துவிட்டு க்ளோவிஸும் வந்திருந்தார். பாஸ்டர் பிரசங்கத்தை நிறுத்திவிட்டு எங்கள் வரிசைகளைப் பார்த்தார்.

"கர்த்தரோட வீட்டுக்கு வர்ற லட்சணமா இது? மேங்கோ லேன்ல இஸ்திரிப் பெட்டிக்குப் பஞ்சமா?"

க்ளோவிஸ் எழுந்தார்.

"பஞ்சம் இல்ல பாஸ்டர். எல்லார் வீட்லயும் இருக்கு. ஒரு பெட்டி சூடானா என் மெர்லினோட மெஷின் நிக்குது. சட்டையா, அவளான்னு லேன்ல பேசினாங்க. பேசி முடிக்க ரொம்ப நேரம் ஆகல." பாஸ்டரை நேராகப் பார்த்தார். "அது திருட்டு கரண்டுதான். மறைக்க மாட்டேன். என்னை டீக்கன் வேலையிலேருந்து எடுத்துடுங்க."

அப்போதுதான் ரோட்டில் அந்தச் சத்தம் கேட்டது. ஏணியைத் தூக்கிக்கொண்டு வரும் லாரி, பள்ளத்தில் இறங்கி ஏறும்போது கடகடவென்று ஆடும் சத்தம். எங்கள் லேன்காரர்களுக்கு அது தூக்கத்திலும் தெரியும். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் எங்கே இருப்போம் என்று கம்பெனிக்குத் தெரிந்துவிட்டது. கம்பியை அறுத்தால் மெர்லினின் மெஷினும் நிற்கும்.

க்ளோவிஸ் யாரையும் பார்க்கவில்லை. கதவை நோக்கி நடந்தார், நடை ஓட்டமானது. அவருக்குப் பின்னால் ஒரு கசங்கிய சட்டை எழுந்தது, அப்புறம் இன்னொன்று, அப்புறம் வரிசை வரிசையாக எல்லாரும். நான் என் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு கடைசியாகக் கிளம்பினேன். வாசலில் திரும்பிப் பார்த்தபோது, பாஸ்டர் மடிப்புக் கலையாத தன் கோட்டைக் கழற்றிப் பிரசங்க மேடைமேல் போட்டுவிட்டு, எனக்குப் பின்னால் வேகமாக இறங்கி வந்துகொண்டிருந்தார்.